தள்ளுபடித் தேதியும் தவணைத் தேதியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கூட்டுறவுக் கடன் தள்ளுபடியை வாக்குக்குக் கொடுக்கப்படும் விலை என்று கூறித் தங்கள் நாளிதழில் வெளிவந்த தலையங்கத்தைப் படித்தேன். மன்னார்குடிப் பக்கத்தில் ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் நெடுங்காலமாக உறுப்பினராக இருப்பவன் என்ற முறையில், அந்தக் கருத்தோடு எனக்கு உடன்பாடில்லை. தள்ளுபடியால் வாக்கு இடம் மாறியதற்கு நான் அறிந்தவரை அடையாளம் குறைவு. ஆனால், வாங்கிய கடனை எப்போது கட்டுவது, கட்டத்தான் வேண்டுமா என்று உறுப்பினர் போடும் கணக்கு அதனால் அடியோடு மாறியிருக்கிறது.

2021 பிப்ரவரி 5 அன்று, அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி, கூட்டுறவு நிறுவனங்களில் 16.43 லட்சம் விவசாயிகள் பெற்றிருந்த 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடன் தள்ளுபடி செய்யப்படும் என்று சட்டப்பேரவையில் அறிவித்தார். மூன்று வாரம் கழித்து, பிப்ரவரி 26 அன்று, ஆறு பவுன் வரையிலான கூட்டுறவு நகைக்கடன் தள்ளுபடியையும் அறிவித்தார். அன்று மாலையே தேர்தல் தேதி வெளியாகி நடத்தை விதிகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. இத்தனைக்குப் பிறகும், பயிர்க்கடனை நம்பியே சாகுபடி நடக்கும் தஞ்சை மாவட்டத்தின் 8 தொகுதிகளில் 7 தொகுதிகளைத் திமுக கூட்டணி வென்றது; ஆளுங்கட்சியான அதிமுகவுக்குக் கிடைத்தது ஒரத்தநாடு மட்டும். இதில் வியப்பதற்கு எதுவுமில்லை. பயிர்க்கடன் தள்ளுபடிக்கு ஆணை பிறந்துவிட்டது, யார் வந்தாலும் அது திரும்பப் போகாது. ஐந்து பவுன் நகைக்கடன் தள்ளுபடியை எதிர்க்கட்சியான திமுகவும் வாக்குறுதியாகத் தந்திருந்தது. இரு பக்கமும் ஒன்றையே தருவதாகச் சொன்னால் வாக்காளர் வேறு காரணங்களைப் பார்த்துத்தான் வாக்களிப்பார். கொடுத்தால் வெற்றி நிச்சயமில்லை, கொடுக்காவிட்டால் தோற்றுவிடுவோமோ என்ற அச்சம் மட்டும் கட்சிகளுக்கு மிஞ்சுகிறது. 2006-இல் கருணாநிதி பதவியேற்பு மேடையிலேயே கூட்டுறவுக் கடன் தள்ளுபடிக்குக் கையெழுத்திட்டார். 2016-இல் ஜெயலலிதா பதவியேற்ற அன்றே சிறு, குறு விவசாயிகளின் கடன் தள்ளுபடிக்குக் கையெழுத்திட்டார். ஒரு கட்சி மட்டும் இதிலிருந்து ஒதுங்கிக்கொள்ள இனி வழியில்லை.

விளைவு சங்கத்தின் கவுண்டரில் தெரிகிறது. தேர்தலுக்கு முந்தைய ஆண்டில் சங்கச் செயலாளர், யார் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற கேட்புப் பட்டியலை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனால், திண்ணையில் உட்கார வைத்து மோர் கொடுத்து, "எலெக்சன் முடியட்டும் சார், பாத்துக்கலாம்" என்று அனுப்பிவிடுகிறார்கள். அதைச் சொல்பவரிடம் பணம் இல்லை என்று பொருளில்லை. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கு வங்கிக் கணக்கில் பணம் ஏறியவரும் அதையேதான் சொல்கிறார். அவர் இடத்தில் இருந்தால் நானும் அதையே சொல்லியிருக்கக் கூடும். 2021 தள்ளுபடிக்கு அவ்வாண்டு ஜனவரி 31 அன்று நிலுவையில் இருந்த கடனே கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டது. ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாயும் அடுத்தடுத்த இரண்டு வயல்களை எண்ணிப் பாருங்கள். ஒருவர் பொங்கலுக்கு முன்பே அறுத்து, விற்று, வந்த பணத்தில் கடனை அடைத்துவிட்டு, அடுத்த கடனுக்கு மனுக் கொடுக்காமல் இருந்தார். மற்றவர் கட்டவில்லை. முன்னவருக்குத் தள்ளுபடி இல்லை, பின்னவருக்கு முழுக் கடனும் இல்லாமல் போயிற்று.

இதைத் தொகையாகப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். தவணை தவறாமல் கட்டுபவருக்குத் தமிழ்நாட்டில் கூட்டுறவுப் பயிர்க்கடனுக்கு வட்டியே கிடையாது; 7 விழுக்காடு வட்டியை மத்திய, மாநில அரசுகள் ஏற்றுக்கொள்கின்றன. நல்ல ஏற்பாடு, நாணயத்துக்கு அரசு தரும் பரிசு என்றே அதைச் சொல்லலாம். 2021 தள்ளுபடியில் ஒருவருக்குச் சராசரியாகக் கிடைத்தது ஏறத்தாழ 73,700 ரூபாய். அதே தொகையைக் கடனாக வாங்கி ஓராண்டில் ஒழுங்காகக் கட்டியவருக்கு மிச்சமான வட்டி 5,200 ரூபாய்க்கும் குறைவு. கட்டாதவருக்குக் கிடைத்தது அதைப் போல் பதினான்கு மடங்கு. விவசாயி கணக்குத் தெரியாதவர் அல்லர்.

நகைக்கடனில் ஆசை காட்டியதன் பலன் வேறு விதமாக வந்து விடிந்தது. 2021 நவம்பரில் புதிய திமுக அரசின் தள்ளுபடி ஆணை வந்தபோது கூடவே நிபந்தனைகளும் வந்தன. டிசம்பரில், ஆராயப்பட்ட 48.84 லட்சம் நகைக்கடன்களில் 35.37 லட்சம் கடன்கள் தகுதியற்றவை என்று கூட்டுறவுத் துறை அறிவித்தது. முறைகேடுகள் நடந்திருந்தன என்பது உண்மை, வடிகட்டியதில் தவறில்லை. ஆனால் தள்ளுபடி வரும் என்று நம்பி நகையை மீட்காமல் வட்டியை ஏறவிட்டிருந்த பெண்கள் பலர், தங்கள் பெயர் பட்டியலில் இல்லை என்று அறிந்தபின் அந்த வட்டியையும் சேர்த்துக் கட்டித்தான் தாலிக்கொடியை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

தலையங்கம் தொடாத இன்னொன்றும் உண்டு. எங்கள் பகுதியில் கோயில் நிலத்தையும் மிராசுதார் நிலத்தையும் வாய்மொழிக் குத்தகைக்குச் செய்பவர்கள் ஏராளம். நில உரிமைப் பதிவான சிட்டாவில் பெயர் நிலத்துக்காரருடையது. என்ன பயிர் சாகுபடியாகிறது என்று காட்டும் அடங்கல் சான்றும் பெரும்பாலும் அவர் பெயரில்தான். சங்கக் கடனும் அவருக்கே, தள்ளுபடியும் அவருக்கே. ஆறு மா, அதாவது ஏறத்தாழ இரண்டு ஏக்கர் நிலத்தில் இறங்கி நடவு செய்தவர் வெளியே வட்டிக்கு வாங்கியிருப்பார். அந்தக் கடனைத் தள்ளுபடி செய்ய எந்த மேடையிலும் யாரும் கையெழுத்திடுவதில்லை.

விவசாயிக்கு நிவாரணமே கூடாது என்பதல்ல என் கருத்து. 2020 நவம்பர், டிசம்பரில் நிவர், புரெவி புயல்களும் அடுத்த ஜனவரியில் பருவம் தப்பிய மழையும் டெல்டாவில் சம்பாவை நாசமாக்கின. அந்த இழப்பை ஈடுகட்டுவது அரசின் கடமை. ஆனால் தள்ளுபடி என்பது எந்த வயலில் பயிர் அழிந்தது என்று பார்ப்பதில்லை. ஒரு பயிரும் சேதமாகாத ஊரில் கடன் நிலுவை வைத்திருந்தவருக்கும் அது போய்ச் சேர்ந்தது. முளைத்துப்போன கதிரைப் பார்த்துக்கொண்டு நின்ற குத்தகைதாரருக்குப் போகவில்லை. தேர்தல் இல்லாத ஆண்டில் அதே மழை பெய்தால் தள்ளுபடி வராது என்பதும் எங்களுக்குத் தெரியும்.

2013-இல் சுப்பிரமணியம் பாலாஜி வழக்கில், தேர்தல் அறிக்கையில் தரப்படும் இலவச வாக்குறுதிகள் சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகா என்று கூறிய உச்ச நீதிமன்றம், அவை நேர்மையான தேர்தலின் அடிப்படையை அசைப்பவை என்றும் சேர்த்துச் சொன்னது. அந்தத் தீர்ப்பின் பேரில், வாக்குறுதிக்குப் பணம் எங்கிருந்து வரும் என்பதைத் தேர்தல் அறிக்கையில் கோடிட்டுக் காட்ட வேண்டும் என்று தேர்தல் ஆணையம் நடத்தை விதிகளில் சேர்த்தது. தேதி அறிவிப்பதற்குச் சில மணி நேரம் முன்பு வெளியாகும் அரசு அறிவிப்பை அந்த விதிகளால் தொட முடியாது.

ஆகவே இதைச் சட்டப்பேரவைதான் செய்ய வேண்டும். பேரவையின் பதவிக்காலம் முடிவதற்கு முந்தைய ஆறு மாதங்களில், பேரிடர் பாதித்ததாக அறிவிக்கப்பட்ட பகுதிகளுக்கு வெளியே எந்தக் கடனையும் தள்ளுபடி செய்யக்கூடாது என்று ஒரு சட்டம் இயற்றலாம். எல்லாக் கட்சிகளையும் ஒருசேரக் கட்டுப்படுத்தும் என்பதால், முதலில் ஒதுங்குபவர் தோற்பார் என்ற அச்சம் அதில் எழாது. அதற்கு மனமில்லை என்றால், மகாராஷ்டிரம் 2017-இல் செய்தது போல, தவணை தவறாமல் கட்டியவருக்கும் ஒரு தொகையைத் தள்ளுபடி ஆணையிலேயே சேர்க்கட்டும். அங்கே அது 25,000 ரூபாய் வரை என்று வரம்பிடப்பட்டது. இங்கே எவ்வளவு என்பதை நிதித்துறை முடிவு செய்யலாம். அந்தப் பட்டியலைத் தயாரிக்கப் புதிதாகக் கணக்கெடுப்பு தேவையில்லை, ஒவ்வொரு சங்கத்தின் கடன் பேரேட்டிலும் கட்டிய தேதி எழுதப்பட்டிருக்கிறது.

இப்படிக்கு,
கூட்டுறவுச் சங்க உறுப்பினர் ஒருவர்,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்.