புரோட்டான் புரளும் இரண்டு இடங்கள்

கிளாஸ்கோ,
பிப்ரவரி

அன்புள்ள நித்யாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அக்கா கல்யாணத்துக்கு வர முடியாத வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை. போட்டோவில் பட்டுப்புடவையோடு உன்னைப் பார்த்ததும் யாரோ பெரிய மனுஷி என்று நினைத்துவிட்டேன். பி.பார்ம் நாலாம் செமஸ்டரில் உனக்கும் மருந்து வேதியியல் தொடங்கிவிட்டது என்று படித்தபோது, நாம் மறுபடியும் ஒரே பெஞ்சுக்கு வந்துவிட்டதுபோல் இருந்தது. இங்கே ஹானர்ஸ் பட்டத்துக்கு நான்கு ஆண்டு. முதல் இரண்டு ஆண்டுகளில் பாடங்களைக் கலந்து எடுக்க இடம் கொடுக்கிறார்கள். அந்தச் சலுகையில்தான் வானியற்பியலையும் வேதியியலையும் இரண்டு தோளிலும் சுமந்துகொண்டு திரிகிறேன்.

‘நட்சத்திரத்துக்கும் மாத்திரைக்கும் என்ன சம்பந்தம்?’ என்று உன் அப்பா கேட்டதாக எழுதியிருந்தாய். அவருக்கு அமெரிக்க இயற்பியலாளர் எட்வர்ட் பர்செல் கதையைச் சொல். 1945 டிசம்பரில் ஹார்வர்டில் அவரும் இரண்டு கூட்டாளிகளும் பாரஃபின் மெழுகைக் காந்தப்புலத்தில் வைத்து, அதிலுள்ள ஹைட்ரஜனின் புரோட்டான்கள் ரேடியோ அலையை வாங்கிக்கொண்டு திசை புரள்வதைக் கண்டார்கள். மூலக்கூறின் அமைப்பைக் கண்டறிய நீயும் நானும் மண்டையை உடைத்துக்கொள்ளும் என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) முறை வளர்ந்தது அங்கிருந்துதான். 1952இல் ஃபெலிக்ஸ் பிளாக்குடன் சேர்த்து பர்செலுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு மார்ச்சில் அதே மனிதர், தன் மாணவர் ஹெரால்ட் யூவனோடு சேர்ந்து, ஒட்டுப்பலகையில் செய்து உள்ளே செம்பு வேய்ந்த கொம்பு ஆன்டெனா ஒன்றை ஆய்வக ஜன்னலுக்கு வெளியே நீட்டி, பால்வீதியின் ஹைட்ரஜன் அனுப்பும் 21 செ.மீ. அலையைப் பிடித்துவிட்டார். கீழே போன மாணவர்கள் அந்தக் கொம்புக்குள் பனி உருண்டைகளை எறிந்து விளையாடினார்களாம்.

அந்த அலையும் ஒரு புரளலால் வருவதுதான். புரோட்டானும் எலக்ட்ரானும் ஒரே திசையில் சுழன்றுகொண்டிருக்கும்போது ஒன்று தலைகீழானால், மிச்ச ஆற்றல் 1420 மெகாஹெர்ட்ஸில் வெளியேறும். தனித்துக் கிடக்கும் ஓர் அணு தானாகப் புரள ஒரு கோடி ஆண்டு ஆகும். அணுக்கள் கணக்கில்லாமல் இருப்பதால் நமக்குச் செய்தி ஓயாமல் வருகிறது. மேகத்தையும் துளைத்து வரும் அலை அது. கிளாஸ்கோ வானத்தின் கீழ் வானியல் படிப்பவளுக்கு வேறென்ன ஆறுதல் வேண்டும், சொல்!

இன்னொன்றையும் அப்பாவிடம் சொல்லலாம். என்.எம்.ஆர். கருவியின் காந்தத்தை மைனஸ் 269 டிகிரியில் குளிர்விப்பது திரவ ஹீலியம். அந்தத் தனிமத்தை முதலில் கண்டது சூரிய ஒளியின் நிறமாலையில், 1868இல். அந்த ஆண்டின் முழு சூரிய கிரகணத்தைப் பார்க்க பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன் குண்டூருக்கு வந்திருந்தார். பூமியில் அதைப் பிரித்தெடுத்த வில்லியம் ராம்சே இதே கிளாஸ்கோவில் பிறந்தவர்.

சம்பந்தம் இருக்கிறது, சரி. ஆனால் இரண்டும் ஒன்றுதான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ‘அப்படியானால் விண்வெளி வேதியியலுக்குப் போய்விடேன்’ என்று ஆளாளுக்கு அறிவுரை சொல்கிறார்கள். நட்சத்திரங்களுக்கு நடுவேயுள்ள வாயு மேகங்களில் எத்தனால்கூட இருக்கிறது, அருமையான துறைதான். ஆனால் என்னை இழுப்பது இரண்டு படிப்புக்கும் குணம் ஒத்துப்போகாத இடம்.

லித்தியத்தை எடுத்துக்கொள். பெருவெடிப்புக்குப் பிந்தைய முதல் சில நிமிடங்களில் ஹைட்ரஜன், ஹீலியத்தோடு துளி லித்தியமும் உருவானது. எவ்வளவு உருவாகியிருக்க வேண்டும் என்று கோட்பாடு சொல்கிறதோ, அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மிகப் பழைய நட்சத்திரங்களில் தென்படுகிறது. பல பத்தாண்டுகளாக இந்த முடிச்சு அவிழவில்லை. அதற்காக யாரும் தூக்கம் கெட்டுக் கிடக்கவில்லை. ‘லித்தியச் சிக்கல்’ என்று பெயர் வைத்து, கட்டுரை எழுதிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்கள். அதே லித்தியம், 1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் எழுதியதிலிருந்து, இருமுனை மனநோய்க்கு மருந்து. ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1 மில்லிமோல் வரை இருக்கலாம். 1.5ஐத் தாண்டினாலே நஞ்சின் அறிகுறிகள் தொடங்கலாம். மூன்று மடங்கானால் உயிருக்கே ஆபத்து. காலையில் வானியற்பியல் வகுப்பில் ‘பத்து மடங்குக்குள் வந்தால் நல்ல விடை’ என்று கேட்டுவிட்டு, மதியம் வேதியியல் ஆய்வகத்தில் மில்லிகிராமுக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். வலி நீக்கும் மார்ஃபினில் ஒரே ஒரு மெத்தில் தொகுதி (ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன்) ஒட்டினால் கோடீன், வலுவே இறங்கிவிடுகிறது என்பது உனக்குத் தெரியாததா? இப்படி நாளுக்கு இரண்டு முறை புத்தியை மாற்றிக்கொள்வது களைப்புதான், ஆனால் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஊரைப் பற்றிக் கேட்டாயே. துடிப்பதுபோல் சீராக ரேடியோ அலை அனுப்பும் நட்சத்திரமான பல்சாரைக் கண்டுபிடித்த ஜோசலின் பெல் பர்னெல் 1965இல் இங்கேதான் இயற்பியல் பட்டம் பெற்றார். ஹானர்ஸ் வகுப்பில் அவர் ஒருவரே பெண். அவர் உள்ளே நுழைந்தால் பையன்கள் விசிலடித்து மேஜையைத் தட்டுவார்களாம். இப்போது விசில் இல்லை. உன் பாடத்தில் வரும் பீட்டா பிளாக்கர் வகை இதய மருந்தான புரோப்ரனலாலைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் பிளாக்கும் 1950களில் இங்குள்ள கால்நடை மருத்துவப் பள்ளியில் வேலை பார்த்தவர்தான். சாப்பாட்டைப் பற்றி மட்டும் கேட்காதே.

மூன்றாம் ஆண்டில் ஹானர்ஸ் தொடங்கும்போது ஒரு பக்கம் சாய வேண்டியிருக்கும் என்று ஆலோசகர் சொல்லிவிட்டார். அநேகமாக வேதியியல் பக்கம்தான் போவேன். வானத்தை ராத்திரியில் தனியாகவும் படித்துக்கொள்ளலாம், என்.எம்.ஆர். கருவியை வீட்டில் வாங்கி வைக்க முடியாது. அம்மாவுக்கு இதை இன்னும் சொல்லவில்லை, நீயும் உளறிவிடாதே.

ஜூன் கடைசியில் ஊருக்கு வருகிறேன். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்கு ஒரு நாள் போய்வரலாமா? உனக்குத் தேர்வு எந்தத் தேதியில் முடிகிறது என்று எழுது. பீட்டா பிளாக்கர் குறிப்புகளைப் படமெடுத்து அனுப்பு. உன் கையெழுத்தில் படித்தால் எனக்குச் சீக்கிரம் ஏறும்.

அன்புடன்,
தாரணி