செர்பியத் தலைநகர் பெல்கிரேடிலிருந்து அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இங்கே குளிர் விட்டுவிட்டது. லிண்டன் மரங்கள் பூத்து, நான் வேலை செய்யும் சமையலறை வரைக்கும் வாசனை வருகிறது. 2025 முதல் பஸ்ஸில் டிக்கெட் கிடையாது, எல்லோருக்கும் இலவசம். ஆனாலும் வேலை முடிந்து நடந்துதான் வருகிறேன், பிர்ச்சானினோவா தெரு வழியாக.

தெருவின் ஒரு முனையில் 1999-இல் கொசோவோ போரின்போது நேட்டோ படைகள் குண்டு போட்ட ராணுவத் தலைமையகம் அப்படியே நிற்கிறது. உடைந்த தளங்களிலிருந்து துருப்பிடித்த கம்பிகள் தொங்குகின்றன. அதே தெருவில் 21-ஆம் எண், உள்ளே ஒரு பழைய மண்டபம். அதை உனக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போர்க்கா பவிச்செவிச் என்று ஒரு அம்மா. 1947-இல் மாண்டினீக்ரோவின் கோத்தோர் ஊரில் பிறந்தவர். திராமதுர்க் என்பார்கள், நாடகப் பிரதியோடும் இயக்குநரோடும் உட்கார்ந்து நாடகத்தைச் செதுக்குகிற வேலை. அதெல்யே 212 அரங்கில் பல வருஷம் இருந்தார். 1981-இல் பழைய பீர் ஆலை ஒன்றில் புது அரங்கு தொடங்கினார். 1991-இல் பெல்கிரேடு நாடக அரங்குக்குக் கலை இயக்குநர் ஆனார். யூகோஸ்லாவியா உடைந்து போர் மூண்ட நேரம் அது. போர் தப்பு என்று வெளிப்படையாகப் பேசினார். 1993-இல் வேலை போயிற்று.

அப்புறம் செய்ததுதான் எனக்குப் பெரிதாகப்படுகிறது. 1995 ஜனவரி 1, போஸ்னியத் தலைநகர் சரயேவோ இன்னும் போஸ்னிய செர்பியப் படைகளின் முற்றுகையில் இருக்கிறது. அன்றைக்கு இந்த மண்டபத்தைத் திறந்தார். பெயர், 'பண்பாட்டு நஞ்சகற்றும் மையம்'. இனவெறியை ஊருக்குள் கலந்த நஞ்சாகவே பார்த்தார். 1997-இல், செர்பிய அரசு ஒடுக்கி வந்த கொசோவோ அல்பேனியர்களின் கலைஞர்கள் வைத்த கண்காட்சி இங்கே நடந்தது. அந்த நாளில் பெல்கிரேடில் அவர்களைக் கூப்பிட எத்தனை துணிச்சல் வேண்டும்! 2019 ஜூன் 30 அன்று இறந்துபோனார். மையம் இருக்கிறது.

என்னோடு பாத்திரம் கழுவும் பெரியவருக்கு அவர் பெயரைச் சொன்னதும் கை நின்றுவிட்டது. ஈரக் கையோடே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்.

பள்ளியில் அந்தச் சாதி நாடகத்தைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், நோட்டைப் பரணில் தூக்கிப் போட்டுவிட்டேன் என்று எழுதியிருந்தாயே. அதை இறக்கி வை அக்கா. டிசம்பரில் வருகிறேன். நம் வீட்டு மாடியில் அறுபது பேர் உட்காரலாம், நாற்காலி வாடகை நான் கொடுக்கிறேன்.

அம்மாவை மாத்திரை மறக்காமல் போடச் சொல்.

உன் அன்புத் தம்பி