எலிக்கு ஒரு துப்பாக்கி

பர்மிங்காம்,
ஞாயிறு மாலை.

அன்புள்ள முருகேசா,

தீபாவளிக்கு நீ அனுப்பிய அவ்வளவு பெரிய மெசேஜுக்குக் கை கூப்புகிற படம் ஒன்றைப் போட்டுவிட்டு ஆள் காணாமல் போய்விட்டான் என்று திட்டிக்கொண்டிருப்பாய். திட்டு. அதற்கு முன் சேதியைக் கேள்: நான் துப்பாக்கி வாங்கியிருக்கிறேன்.

சிரிக்காதே. நமக்குச் சுடச் சொல்லித்தந்த ஹவில்தார் இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்கே தெரியும். நாம் சுடும் போட்டியில் வாங்கிய அந்தக் கோப்பை யார் சுட்ட குண்டால் கிடைத்தது என்ற பஞ்சாயத்தையும் மறுபடி ஆரம்பிக்காதே. இது ஏர் ரைபிள்தான்.

எல்லாம் எலியால் வந்தது. பக்கத்து வீட்டுக் கிழவிக்குக் குருவிகள் என்றால் உயிர். அவள் தொங்கவிடும் தானியக் கூண்டிலிருந்து குருவி தின்பதில் பாதி கீழே சிந்தும். அதைத் தின்ன வந்த எலிகள் எங்கள் தோட்டத்துக் கொட்டகைக்கு அடியில் குடித்தனம் வைத்துவிட்டன. நம் ஊர்ப் பெருச்சாளி அளவு இல்லை, ஆனால் பட்டப்பகலில் வசந்தி வைத்த வெந்தயக் கீரைப் பாத்தியில் உட்கார்ந்து முகம் கழுவுகிற திமிர் பெருச்சாளிக்குக்கூடக் கிடையாது. பொறி வைத்துப் பார்த்தாயிற்று. புதிதாக ஒரு சாமான் வந்தால் எலி அதைச் சுற்றிக்கொண்டுதான் போகும், நெருங்காது. விஷம் வைக்க மனசு வரவில்லை. செத்த எலியைத் தூக்கிக்கொண்டு போவது கிழவியின் பூனையாக இருக்கும், இல்லாவிட்டால் ராத்திரி வரும் ஆந்தை.

இங்கே 12 அடி-பவுண்டு ஆற்றலுக்கு மேல் போகாத ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம், பதினெட்டு வயது ஆகியிருந்தால் சரி. ஸ்காட்லாந்தில் மட்டும் 2016 கடைசியிலிருந்து அதற்கும் சான்றிதழ் கேட்கிறார்கள். உங்கள் பக்கம் 20 ஜூல் கணக்கு. இந்த 12 அடி-பவுண்டு 16 ஜூலுக்குக் கொஞ்சம் மேலே. என் வேலிக்குள்ளே நான் சுடலாம். குண்டு ஒன்று வேலியைத் தாண்டிப் போனால் குற்றம், எலியில் பட்டதா இல்லையா என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டின தெரு. அதனால் எனக்குச் சத்தம் வரக்கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை. இந்த ஒரு நிபந்தனைக்காக நான் படித்ததில் பாதியைக் காலேஜில் படித்திருந்தால் தெர்மோடைனமிக்ஸில் அரியர் விழுந்திருக்காது.

மலிவான ஸ்பிரிங் துப்பாக்கி ஒன்றை வாங்கி முனையில் சைலன்சர் மாட்டினால் முடிந்தது என்றுதான் நானும் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒன்றும் சொல்லாமல் பின்கட்டுக்குக் கூட்டிப்போய் கையில் கொடுத்தார். ஸ்பிரிங்கில் உள்ளே பிஸ்டன் ஓடி முட்டுகிறது, சுருள் அதிர்கிறது; கட்டையில் கன்னத்தை வைத்திருப்பதால் அந்த ‘டொய்ங்’ எலும்பு வழியாகவே காதுக்குள் இறங்குகிறது. அந்தச் சத்தம் குழலின் வாயில் வருவதில்லை, பிறகு முனையில் எதை மாட்டி என்ன? அடுத்ததாகக் காற்றை முன்கூட்டியே அடைத்து வைக்கிற பிசிபி ரகத்தைக் கொடுத்தார். வெறும் குழலில் காது விண்ணென்றது. பிறகு சாண் நீளத்தில் ஒரு மாடரேட்டரை, அதாவது சைலன்சரை, திருகிவிட்டு மணல் மூட்டையைக் காட்டினார். அழுத்தினேன். விசை விழுந்த ‘க்ளிக்’, அங்கே மணலில் ஒரு ‘தொப்’. அவ்வளவுதான். அதே குண்டை இரும்புத் தகட்டில் சுடச் சொன்னார். கடை முழுக்கக் கேட்டது. குழலை அடக்கிவிட்டால் மிஞ்சுவது குண்டு போய் விழுகிற இடத்துச் சத்தம்தான். இது எனக்குத் தோன்றவே இல்லை.

இன்னொன்று. அட்டைப்பெட்டியில் ‘நொடிக்கு 1,200 அடி’ என்று கொட்டை எழுத்தில் போட்டு விற்பதைப் பார்த்து ஏமாறாதே. ஒலியின் வேகமே சுமார் 1,100 அடிதான். அதைத் தாண்டினால் குண்டே சாட்டை சொடுக்குகிற மாதிரி வெடிக்கும், அதை அடக்க மாடரேட்டர் கிடையாது. நான் எடுத்தது .22 அங்குலக் குழல். அதில் 16 கிரெயின் (சுமார் ஒரு கிராம்) ஈயக் குண்டு நிதானமாக 580 அடியில் போகிறது. .177 எடு, இன்னும் நேராகப் போகும் என்று மகன் கார்த்திக் வாதாடினான். எனக்கு வேண்டியது பதினைந்து கெஜம். அவன் யூடியூப் பார்த்துப் பேசுகிறவன், விடு.

கம்பெனி எது தெரியுமா? பிஎஸ்ஏ! உன் எஸ்எல்ஆர் சைக்கிளின் பெயர்தான். 1861இல் இந்த ஊர்த் துப்பாக்கிக் கொல்லர்கள் சேர்ந்து தொடங்கிய பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ். மூன்று துப்பாக்கிகள் சாய்ந்து நிற்பதுதான் சின்னம். சைக்கிளைக் கையெழுத்துப் போடாமல் வாங்கிப்போய் வாய்க்காலில் விட்டவன் பெயரை நான் எழுதப்போவதில்லை, அவனுக்கே தெரியும்.

வசதி சும்மா வருமா? இதற்குக் காற்றடிக்க வேண்டும், 200 பாருக்கு மேல். கார் டயருக்கு இரண்டு சொச்சம் போதும் என்பதை நினைத்துக்கொள். சைக்கிள் பம்பு மாதிரிதான் இருக்கிறது, ஆனால் கடைசி இருபது அழுத்தலுக்கு உடம்பு எடை முழுவதையும் கைப்பிடியில் போட்டால்தான் இறங்குகிறது. ஜிம்முக்குக் கட்டும் பணத்தை நிறுத்திவிடலாம் என்கிறாள் வசந்தி.

இப்போது சீரியஸாக ஒன்று சொல்கிறேன். வாங்கி வந்த அன்று ராத்திரி கார்த்திக் கேட்டான்: “அப்பா, உங்களை யாராவது ஜன்னல் வழியாகப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?” எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முப்பது வருஷம் இந்தத் தெருவில் இருக்கிறேன், வரி கட்டுகிறேன், கிழவியின் குப்பைத் தொட்டியை நான்தான் வெளியே இழுத்து வைக்கிறேன். ஆனாலும் கறுப்புத் தோலும் தாடியுமாக ஓர் ஆள் ரைபிளோடு நிற்கிறான் என்று 999க்கு ஒரு போன் போனால், வருகிற போலீஸ் லத்தி வைத்திருக்கிற போலீஸ் இல்லை. அவர்கள் என் வரி ரசீதைக் கேட்கப்போவதில்லை. சத்தம் இருந்தால் ஒரு பயம். இல்லாவிட்டால் இன்னும் மோசம், ஒளித்து ஏதோ செய்கிறான் என்று ஆகும். அதனால் இரண்டு பக்கத்து வீட்டுக்கும் போய், இன்ன நேரத்தில் இன்ன இடத்தில் எலி சுடப்போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒரு பக்கத்துக்காரன் எங்கள் வீட்டுக்கும் வருவாயா என்றான். கிழவி நெடுநேரம் யோசித்துவிட்டு, “அணிலைத் தொடமாட்டாயே?” என்றாள்.

சட்டப்படி தொடலாம். இந்தச் சாம்பல் அணில் அமெரிக்கச் சரக்கு, 1876இல் செஷயரில் கொண்டுவந்து விட்டது. ஊரின் சிவப்பு அணிலை விரட்டிவிட்டது. முதுகில் கோடும் கிடையாது, ராமர் தடவிய வம்சம் இல்லை. ஆனாலும் முன்னங்கால்களால் கடலையைப் பிடித்துத் தின்னும்போது என்னால் முடியாது. மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

இப்போது சுடுவது மாடி பாத்ரூம் ஜன்னலிலிருந்து. யார் கண்ணிலும் படாது, மேலிருந்து கீழே சுடுவதால் தவறினாலும் குண்டு மண்ணுக்குள் போகும். வசந்திக்கு அந்த நேரத்தில்தான் பாத்ரூம் வேண்டியிருக்கும், அது தனிக் கதை. ஒரு கல்லில் கடலை வெண்ணெயைத் தடவி வைப்பேன். தானியம் போட்டால் எலி கவ்விக்கொண்டு ஓடிவிடும், இதை நக்கிக்கொண்டு ஒரே இடத்தில் நிற்கும். கண்ணுக்கும் காதுக்கும் நடுவே கட்டைவிரல் நகம் அளவு இடம். அதில் படும் என்று நிச்சயமில்லாவிட்டால் அழுத்துவதில்லை. விசையைவிடக் குறிதான் எலிக்கு நாம் செய்கிற மரியாதை என்று கடைக்காரர் சொன்னார், அது சரிதான். இன்னொரு சங்கதி: பார்க்கிற குழாய் சுடுகிற குழலுக்கு ஒன்றரை அங்குலம் மேலே இருக்கிறது. இருபது கெஜத்துக்குச் சரிசெய்த துப்பாக்கி ஐந்து கெஜத்தில் முக்கால் அங்குலம் கீழே அடிக்கும். ஹவில்தார் இதை நமக்குச் சொல்லியே தரவில்லை.

முதல் எலி அப்படியே சாய்ந்தது. பக்கத்தில் இருந்தது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, கல்லை நக்கிக்கொண்டே இருந்தது. இவ்வளவு தேடித்தேடி வாங்கிய நிசப்தம் இதற்குத்தானா என்று இருந்தது. அன்றைக்கு அதோடு ஜன்னலைச் சாத்திவிட்டேன். மறுநாள் பாத்தியைப் பார்த்த பிறகு மறுபடி திறந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கிழவியின் கூண்டுக்கு அடியில் சிந்துவதைப் பிடிக்க ஒரு தட்டு செய்து கொடுத்திருக்கிறேன். தினமும் சாயந்திரம் அதை எடுத்து உள்ளே வைத்தால் துப்பாக்கிக்கே வேலை இருக்காது. அவள் மறந்துவிடுகிறாள்.

உன் முழங்கால் எப்படி? ஆபரேஷன் வேண்டாம் என்று இன்னும் அடம்பிடிக்கிறாயா? மலர் கல்யாணத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம், தை மாதம் எந்த வாரம் என்று மட்டும் உடனே சொல், டிக்கெட் விலை ஏறுகிறது. சுப்புவிடம் துப்பாக்கி விஷயத்தை வாயே திறக்காதே. நான் ஊருக்கு வருவதற்குள் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டேன் என்று ஆக்கிவிடுவான்.

உன்,
ராமு