நிறுத்தவும் கற்றுக்கொடுங்கள்: மட்டக்களப்பு, அம்பாறை சாரதிப் பயிற்சிப் பாடசாலைகளுக்கு ஒரு திறந்த மடல்

இரண்டு மாவட்டங்களிலும் சாரதிப் பயிற்சிப் பாடசாலை நடத்துகிற அண்ணன்மாருக்கும், வெயிலில் நின்று பிள்ளைகளைப் பழக்குகிற தம்பிமாருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் களுவாஞ்சிகுடிப் பக்கம் மோட்டார் சைக்கிள் திருத்துகிறவன். உங்களிடம் பழகி லைசன்ஸ் எடுத்த பிள்ளைகளின் சைக்கிள்கள் கொஞ்ச நாளில் என் கராஜுக்கு வந்துவிடுகின்றன. சில சேர்விஸுக்கு வரும், சில விழுந்து நெளிந்து வரும். அவற்றைக் கழற்றும்போது திரும்பத் திரும்ப ஒரே காட்சியைத்தான் காண்கிறேன். பின் பிரேக் ஷூ முழுக்கத் தேய்ந்து இரும்போடு இரும்பு உரசிக்கொண்டிருக்கும். முன் டிஸ்க் பேட் கடையில் வாங்கியபடியே இருக்கும். கடற்கரையோர ஊர்களில் இருந்து வருகிற சைக்கிள்களில் இன்னும் மோசம். உப்புக் காற்றில் முன் கேலிப்பர், அதாவது டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கிற பகுதி, இறுகிப்போய், பிடித்தாலும் பிடிக்காது. ஓட்டுகிற பிள்ளை முன் பிரேக்கைத் தொடுவதே இல்லை என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

ஏன் மகன் என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்: "முன் பிரேக்கைப் பிடிச்சா தூக்கி எறிஞ்சிடும் எண்டு சொன்னாங்க."

சொன்னது யார் என்று விசாரித்தால் வாப்பா, மாமா, கூட்டாளி என்று பெயர் வரும். சில நேரம் பயிற்சி தந்த ஐயா என்றும் வரும். அதனால்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

அந்த அறிவுரை எங்கிருந்து வருகிறது என்று எனக்கு விளங்குகிறது. லைசன்ஸுக்கு ஓட்டிக் காட்டுகிற ட்ரயலில் எட்டு வடிவில் ஓட்ட வேண்டும். எட்டு என்பது மெதுவான ஓட்டம்: முதல் கியர், ஹேண்டில் திரும்பிய நிலை, கிளட்சை அரைகுறையாகப் பிடித்தபடி பின் பிரேக்கில் காலை வைத்துச் சமாளிப்பது. அந்த நேரம் முன் பிரேக்கைப் பிடித்தால் சைக்கிள் சரிந்துதான் விழும். ஆகவே எட்டுக்குள்ளே நீங்கள் சொல்வது சரி. ஆனால் பிள்ளை அதே பாடத்தோடு கல்முனை வீதிக்கு ஏறுகிறது. அங்கே மணிக்கு 50, 60 கிலோமீற்றரில் நேராகப் போகும்போது அந்தப் பாடம் தலைகீழாகப் பிழை. இதைச் சொல்லித் திருத்துவதற்கு ட்ரயலுக்குப் பிறகு அந்தப் பிள்ளைக்கு ஒருவரும் இல்லை.

பஸ் சடாரென்று நின்றால் உள்ளே நிற்கிறவர்கள் எல்லோரும் முன்னுக்குச் சாய்கிறார்கள் அல்லவா, பிரேக் பிடிக்கும்போது சைக்கிளின் பாரமும் அப்படித்தான் முன் சில்லுக்குப் போகிறது. முன் டயர் தாரில் அழுந்துகிறது, பின் சில்லு லேசாகிறது. லேசான சில்லை எவ்வளவு மிதித்தாலும் அது சுழலாமல் லொக் ஆகி வழுக்கும், பின்பக்கம் ஒரு பக்கமாக இழுக்கும், நிற்காது. காய்ந்த தாரில் நிறுத்தும் வேலையில் முக்கால் பங்குக்குக் கிட்ட முன் பிரேக்குடையது. அப்படியானால் ஆட்கள் முன் பிரேக்கில் விழுவது எப்படி? பயத்தில் ஒரே பிடியாகப் பிடிப்பதால். பாரம் முன்னுக்கு வருவதற்கு முதலே பிடி இறுகினால் முன் சில்லு லொக் ஆகிவிடும். முதலில் மெல்லத் தொட்டு, முன் சில்லைத் தாங்குகிற போர்க் அமர்வதை உணர்ந்து, அதன்பிறகு இறுக்க வேண்டும். இதற்கு ஒரு நொடிகூடப் பிடிக்காது. ஆனால் பழகாத கைக்கு அந்த நேரத்தில் அது வராது.

கணக்குப் பார்ப்போம். 50 கிலோமீற்றர் வேகத்தில் போகிற சைக்கிள் ஒரு செக்கனில் 14 மீற்றர் ஓடும். வீதியில் நிற்கிற ஒரு மாட்டைக் கண்டு கையும் காலும் பிரேக்குக்குப் போவதற்கே அந்த ஒரு செக்கன் முடிந்துவிடும். அப்புறம் இரண்டு பிரேக்கையும் சரியாகப் பிடித்தால் இன்னும் 14, 15 மீற்றரில் நிற்கலாம். பின் பிரேக்கை மட்டும் மிதித்தால் அது ஏறத்தாழ இரட்டிப்பாகும். மாடு 35 மீற்றர் தூரத்தில் நின்றால், இரண்டையும் பிடித்த பிள்ளை மாட்டுக்கு முன்னால் நின்றுவிடும். பின் பிரேக்கை மட்டும் மிதித்த பிள்ளை சுமார் 25 கிலோமீற்றர் வேகத்தில் மாட்டில் போய் மோதும். அதே வீதி, அதே சைக்கிள், அதே வேகம்தான்.

இது நான் கராஜில் இருந்து கண்டுபிடித்த விஷயம் இல்லை. 1970களில் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் ஹரி ஹர்ட் என்ற பேராசிரியர் தன் குழுவோடு 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்தார். 1981இல் வந்த அந்த அறிக்கை சொன்னது என்னவென்றால், விபத்தில் பட்டவர்களில் பெரும்பாலானோர் பின் பிரேக்கை அளவுக்கு மிஞ்சி மிதித்து வழுக்கியிருக்கிறார்கள், முன் பிரேக்கைப் போதிய அளவு பிடிக்கவில்லை. ஆபத்தைக் கண்டதில் இருந்து மோதும் வரை அவர்களுக்குக் கிடைத்த நேரம் 2 செக்கனுக்கும் குறைவு. நூற்றுக்கு 92 பேர் தாங்களாகவோ, வீட்டாரிடமோ, நண்பர்களிடமோதான் ஓட்டப் பழகியிருந்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அந்தச் சைக்கிளில் 5 மாத அனுபவம்கூட இருக்கவில்லை. அது தூரத்து நாடு, பழைய காலம், பெரிய சைக்கிள்கள். இருந்தும் அந்த வரிகளை வாசித்தபோது என் கராஜில் வந்து நிற்கிற பிள்ளைகளைப் பற்றி எழுதியதுபோலவே எனக்குப் பட்டது.

நம்முடைய வீதிகளுக்கு வருவோம். வாவிக்குக் கிழக்கே, கடல் பக்கமுள்ள எழுவான்கரையில் காபட் வீதி நேராகக் கிடக்கிறது, வேகம் தானாக ஏறிவிடும். இரவானால் மாடுகள் தாரின் சூட்டுக்கு வந்து படுத்துவிடும். கறுத்த மாடு முதுகைக் காட்டிப் படுத்திருந்தால் கண்கூட மின்னாது. சின்னச் சைக்கிளின் டிம் வெளிச்சம் முப்பது நாற்பது மீற்றருக்கு மேல் உதவாது. 70இல் போகிற பிள்ளைக்கு, எல்லாம் சரியாகச் செய்தாலும், நிற்க 45 மீற்றருக்கு மேல் வேண்டும். அதாவது வெளிச்சம் காட்டுகிற இடத்துக்குள் அவனால் நிற்கவே முடியாது. எதிரே ஒரு வாகனம் பெரிய லைட்டைப் போட்டுக்கொண்டு வந்தால் அந்த முப்பது மீற்றரும் இல்லை. பின் லைட் இல்லாத உழவு மெஷின் பெட்டியும் இதே கதைதான். கதிர்காமப் பாதயாத்திரைக் காலத்தில் விடியப்புறம் வீதியோரம் நடந்து போகிற அடியார்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

பட்டிருப்புப் பாலம் தாண்டி வாவிக்கு மேற்கே படுவான்கரைக்குப் போனால் கிறவல் வீதி. அறுவடைக் காலத்தில் வீதியில் நெல் காயும், வைக்கோல் சிதறிக் கிடக்கும், வயலில் இருந்து ஏறுகிற மெஷின் சேற்றைக் கொட்டிவிட்டுப் போகும். கடற்கரை வீதிகளில் தாருக்கு மேல் மணல் படிந்திருக்கும். இங்கேதான் முன் பிரேக்கை அடக்கிப் பிடிக்க வேண்டும். மணலுக்கு வருவதற்கு முன்பே, நல்ல தாரில், நேராக இருக்கும்போது வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். மணலுக்குள் போனபிறகு ஹேண்டிலை நேராக வைத்து, பிரேக்கை விட்டு, உருட்டிக்கொண்டு போக வேண்டும். முன் பிரேக் எங்கே காப்பாற்றும், எங்கே விழுத்தும் என்று இரண்டையும் தெரிந்த பிள்ளைதான் பிழைக்கும். "தொட்டிடாத மனே" என்ற ஒரு வரியில் அந்த இரண்டும் அடங்காது.

நான் கேட்பது அரை மணித்தியாலம். எட்டுப் பழக்கி முடித்த பிறகு, ட்ரயலுக்கு முன், ஒவ்வொரு பிள்ளைக்கும் அரை மணித்தியாலம் நிறுத்தப் பழக்குங்கள். புல் மைதானம் இதற்குச் சரிவராது, தாரோ கொங்கிறீட்டோ வேண்டும். மணலையும் உமியையும் கூட்டித் தள்ளிவிட்டு, சுண்ணாம்பால் குறுக்கே ஒரு கோடு போடுங்கள். 20இல் வந்து கோட்டில் பின் பிரேக்கை மட்டும் பிடிக்கச் சொல்லுங்கள், நின்ற இடத்தில் ஒரு கல் வையுங்கள். அடுத்த முறை இரண்டையும் பிடிக்கச் சொல்லுங்கள், அங்கேயும் ஒரு கல். பிறகு 30இல் அதையே செய்யட்டும். இரண்டு கல்லுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பிள்ளை தன் கண்ணால் பார்த்துவிட்டால் நீங்கள் பிரசங்கம் செய்யத் தேவையில்லை. பார்வை சில்லில் இல்லாமல் தூரத்தில் இருக்க வேண்டும், ஹேண்டில் நேராக இருக்க வேண்டும், டயர் கத்தினால் கையைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். சைக்கிள் பழகிய பிறகு ஸ்கூட்டிக்கு மாறுகிற தங்கைமாருக்கு ஒன்றைத் தனியாகச் சொல்லுங்கள்: அங்கே காலில் பிரேக் இல்லை, இடக்கைதான் பின் பிரேக், சில ஸ்கூட்டர்களில் இடக்கையைப் பிடித்தால் இரண்டு சில்லும் சேர்ந்து பிடிக்கும். எந்தக் கை எந்தச் சில்லு என்பதை நின்றபடியே கேட்டுப் பாருங்கள், பலருக்குத் தெரியாது.

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். பெற்றோர் வந்து, "இவனுக்கு ஓட்டத் தெரியும், எட்டை மட்டும் பழக்கி விடுங்க" என்கிறார்கள். கட்டணத்தில் பேரம் பேசுகிறார்கள். ட்ரயலில் கேட்காததைப் பழக்க நேரம் ஏது என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் அந்தப் பிள்ளை பதினான்கு பதினைந்து வயதில் வயல் வீதியில் மச்சானிடம் பழகியவன். அவன் வாழ்க்கையில் மோட்டார் சைக்கிளைப் பற்றித் தெரிந்த ஒரு பெரிய மனிதர் முன்னால் நிற்கப்போவது உங்களிடம் மட்டும்தான். அதற்குப் பிறகு அவனுக்குச் சொல்லித்தர ஆள் கிடையாது. உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு 150 சி.சி. சைக்கிள் வாங்கிக் கொடுக்கிற தகப்பன்மாரிடமும் நீங்கள் சொன்னால் எடுபடும். நான் சொன்னால் கராஜ்காரன் பிழைப்புக்குச் சொல்கிறான் என்பார்கள்.

தலைக்கவசம் பற்றி நீண்டு எழுதவில்லை, அது உங்களுக்கே தெரியும். பட்டியைப் பூட்டாமல் தலையில் வைத்தால் விழும்போது அது முதலில் கழன்று போகும், அவ்வளவுதான். பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில், தலைக்கவசம் மரணத்தை 42 வீதமும் தலைக்காயத்தை 69 வீதமும் குறைக்கிறது என்று தெரிந்திருக்கிறது. பழகுகிற நேரத்தில் உங்கள் மைதானத்துக்குள்ளேயும் பட்டி பூட்டிய தலைக்கவசத்தோடுதான் ஏற வேண்டும் என்று நீங்கள் பிடிவாதமாக நின்றால், அது பழக்கமாகிவிடும்.

இடம்தான் பிரச்சினை என்றால் ஒரு வழி இருக்கிறது. நம்முடைய பக்கத்து ரைஸ்மில்களில் நெல் காயவைக்கிற கொங்கிறீட் களங்கள் அறுவடை இல்லாத மாதங்களில் சும்மா கிடக்கின்றன. பிள்ளைகளின் விஷயம் என்று கேட்டால் மறுக்கிற முதலாளிமார் குறைவு. பழகுவதற்கு முன் சைக்கிள்களின் பிரேக்கைச் சரிபார்க்க வேண்டும், இறுகிய கேலிப்பரோடு இதைப் பழக்கினால் விபரீதமாகிவிடும். களுவாஞ்சிகுடியில் இருந்து ஓடிவரக்கூடிய தூரத்தில் யார் இதைத் தொடங்கினாலும், ஞாயிற்றுக்கிழமை காலையில் என் சாவிப் பெட்டியோடு வந்து அந்தச் சைக்கிள்களின் பிரேக்கை நான் பார்த்துத் தருகிறேன். கூலி வேண்டாம். மற்ற ஊர்களில் என்னைப்போல் வேலை செய்கிறவர்களிடமும் கேட்டுப் பாருங்கள், வருவார்கள்.

இப்படிக்கு,
ஒரு மோட்டார் சைக்கிள் மெக்கானிக்,
களுவாஞ்சிகுடி