அந்த மஞ்சள் கேப்ஸ்யூலை நிறுத்துடா மாப்ள

அன்பு மாப்ள,

உன் லெட்டர் வந்துச்சு. பேத்தி நடக்க ஆரம்பிச்சுட்டான்னு படிச்சதும் வீட்ல எல்லாருக்கும் சொல்லிட்டேன். ஆனா அதுலயே கொலஸ்ட்ரால் மாத்திரையை விட்டுட்டு மஞ்சள் மிளகு கேப்ஸ்யூல் போடுறேன், லிவருக்கும் நல்லதாம்னு எழுதியிருக்க பாரு, மனசு கேக்கல, உடனே எழுத உக்காந்துட்டேன்.

போன வருஷம் எங்க பெரிய மச்சான் இதேதான் சாப்பிட்டாரு. மூணாவது மாசம் சோறு எறங்கல, யூரின் டீ டிகாஷன் கலர்ல போச்சு, கண்ணு மஞ்சளாயிடுச்சு. லிவர் டெஸ்ட்ல எஸ்ஜிபிடி 1100-க்கு ஏறிடுச்சு. வைரஸ் டெஸ்ட் எல்லாம் நெகட்டிவ், கடைசில டாக்டர் வீட்ல இருக்குற டப்பா எல்லாத்தையும் எடுத்துட்டு வரச் சொல்லித்தான் கண்டுபிடிச்சாரு. நிறுத்துனதும் ரெண்டு மாசத்துல சரியாச்சு.

கொழம்புல போடுற மஞ்சள் வேறடா. மஞ்சத்தூள்ல குர்குமின்ங்குற சத்து சுமார் 3 சதவீதம்தான், அதுவும் உடம்புல அவ்வளவா ஒட்டாது. கேப்ஸ்யூல்ல அதையே 95 சதவீதமா பிரிச்சு அடைக்கிறாங்க, 500 மில்லிகிராம் ஒண்ணு போட்டா 15 கிராம் மஞ்சத்தூளை ஒரே வாயில முழுங்குன மாதிரி, அதோட மிளகுல இருக்குற பைப்பரின் சேந்தா ரத்தத்துல ஏறுறது 20 மடங்காகுதுன்னு 1998-லயே பெங்களூர்ல பாத்திருக்காங்க. எல்லாருக்கும் லிவர் கெடாது, ஒரு குறிப்பிட்ட மரபணு இருக்குறவங்களைத்தான் அதிகமா தாக்குதுங்குறாங்க, ஆனா அது நமக்கு இருக்கா இல்லையான்னு எப்படித் தெரியும்?

மூலிகையே வேணாம்னு சொல்ற ஆள் இல்ல நான். எனக்குக் காமாலை வந்தப்ப அம்மா வரப்புல கீழாநெல்லி புடுங்கி, இலைக்கு அடியில காய் வரிசையா இருக்கான்னு திருப்பிப் பாத்து, அம்மியில அரைச்சு மோர்ல கலக்கிக் குடுத்தது உனக்கும் ஞாபகம் இருக்கும். அந்தச் செடியை 1988-ல சென்னையில 37 பேருக்குக் குடுத்ததுல 22 பேர் ரத்தத்துல லிவரைத் தாக்குற ஹெபடைட்டிஸ் பி வைரஸோட அடையாளமே மறைஞ்சுச்சு, அந்த வைரஸைக் கண்டுபிடிச்சு நோபல் வாங்குன ப்ளம்பர்க்கும் அந்த ஆராய்ச்சில இருந்தாரு. அப்புறம் வேற ஊர்கள்ல செஞ்சப்ப அப்படி வரல. குக்குலுங்குற ஆயுர்வேதப் பிசினும் கொலஸ்ட்ராலைக் குறைக்கும்னு நம்புனதுதான், 2003-ல அமெரிக்கால சோதிச்சா கெட்ட கொலஸ்ட்ரால் 4, 5 சதவீதம் ஏறியிருக்கு.

உனக்கு ஸ்டென்ட் வெச்சிருக்குடா. நாளைக்கே லிவர் டெஸ்டும் லிப்பிட் டெஸ்டும் எடு, அந்த டப்பாவோட டாக்டர்கிட்ட போ, பழைய மாத்திரையைப் பத்தியும் அவரே சொல்லட்டும். தங்கச்சிக்கு நானே போன் பண்ணிச் சொல்றேன், கோவிச்சுக்காத.

ரிசல்ட் வந்ததும் போட்டோ எடுத்து அனுப்பு, பேத்தி போட்டோவும் சேத்து.