சேகருக்கு, அந்த தங்க முத்திரை சிப்பர் ஜோன்ஸ் கார்டு விஷயமா

டேய் சேகர்,

எப்படிடா இருக்க, வீட்ல எல்லாரும் சௌக்கியமா? உன் மெயிலுக்கு உடனே பதில் போட முடியல, அம்மாவுக்கு கண்ணு ஆபரேஷன் ஆச்சு, மணிக்கொரு தரம் சொட்டு மருந்து போடறதுலயே பொழுது போயிடுச்சு. இப்ப நல்லா தேறிட்டாங்க, சீரியல்ல வர்ற மாமியாருக்கு மேக்கப் ஜாஸ்தின்னு குறை சொல்ற அளவுக்கு. உன் பையன் பேஸ்பால் கார்டு பைத்தியம் ஆயிட்டான்னு எழுதியிருந்த, அட்லாண்டால வளர்ற பிள்ளை ஊர் டீம் பிரேவ்ஸ் பின்னாடி போகாம வேற எங்க போவான், விடு.

சரி விஷயத்துக்கு வர்றேன், ஒரு ஆள் தங்க முத்திரை குத்தின கார்டு ஒண்ணு விக்கறார், முத்திரை நிஜமா, வாங்கலாமான்னு கேட்டிருந்த. நீ அனுப்பின போட்டோல இருக்கறது டாப்ஸ் கம்பெனி 1991ல போட்ட பேஸ்பால் கார்டு செட்ல 333ஆம் நம்பர், பிரேவ்ஸ் ஆட்டக்காரர் சிப்பர் ஜோன்ஸோட ரூக்கி, அதாவது அறிமுக கார்டு. அந்த வருஷம் டாப்ஸ் கணக்கு வழக்கில்லாம அடிச்சு தள்ளினான், அதனால முத்திரை இல்லாத சாதா கார்டு எந்த கார்டு ஷோவுக்கு போனாலும் சில்லறை காசுக்கு கிடைக்கும், ஜோன்ஸ் 2018ல ஹால் ஆஃப் ஃபேம்ங்கற பேஸ்பால் ஜாம்பவான்கள் பட்டியலுக்கு போனதுக்கப்புறமும் அதே கதைதான். கேள்வி எல்லாம் மூலையில இருக்கற அந்த தங்கக்கலர் ஃபாயில் மேலதான். 1990 ஆகஸ்ட்ல சதாம் குவைத்துக்குள்ள புகுந்ததும் அமெரிக்கா சவுதில படையை கொண்டுபோய் இறக்குச்சே, ஆபரேஷன் டெசர்ட் ஷீல்டு, அங்க மணல்ல உக்காந்திருந்த சிப்பாய்ங்களுக்குன்னு டாப்ஸ் அந்த செட்டோட 792 கார்டுலயும் கேடயமும் பனைமரமும் போட்ட முத்திரையை குத்தி பாக்கெட் பாக்கெட்டா அனுப்பினாங்க. ஒவ்வொரு கார்டுலயும் 6,000லேர்ந்து 7,000 பிரதி வரைக்கும் இருக்கலாம்னு கலெக்டருங்க மத்தியில ஒரு கணக்கு ஓடுது. அதுலயும் வெயில்லயும் மண்லயும் பாழானது எவ்ளோ, சிப்பாய்ங்க அங்கயே விட்டுட்டு வந்தது எவ்ளோ, யாருக்கு தெரியும்.

இப்ப நீயே யோசிச்சு பாரு, ரெண்டும் ஒரே அட்டை, ஒரே போட்டோ, மொத்த விலை வித்தியாசமும் அந்த நகத்தளவு ஃபாயில்ல இருக்கு. அப்படின்னா ஒரு திருட்டுப்பயல் என்ன பண்ணுவான், சாதா கார்டை அள்ளிட்டு வந்து முத்திரையை மட்டும் அவனே குத்திடுவான், கார்டை ஃபோர்ஜ் பண்ற வேலையே இல்ல. அட்டை ஒரிஜினல்தான்னு அவன் சத்தியமே பண்ணலாம், பொய்யும் ஆகாது! இந்த செட்ல போலி ரொம்ப நாளா புழங்குது, அதுலயும் சிப்பர், நோலன் ரையன், கிரிஃபி மாதிரி பெரிய பேருங்கதான் முதல்ல மாட்டும்.

நான் இதுக்கு ஒரு வழி வெச்சிருக்கேன். யாருக்கும் தெரியாத ஒரு ஆட்டக்காரரோட டெசர்ட் ஷீல்டு கார்டு, பிஎஸ்ஏ (கார்டு நிஜமான்னு சோதிச்சு, தரத்துக்கு 10க்கு இத்தனைன்னு கிரேடு போடற கம்பெனி) பிளாஸ்டிக் கேஸ்ல சீல் பண்ணது, கம்மி விலைல ஒண்ணு வாங்கி வெச்சுக்கறது, அந்த கேஸ் நம்பரையும் அவங்க சைட்ல போட்டு பாத்துடணும், ஏன்னா கேஸ்லயும் போலி வருது. அப்புறம் எந்த கார்டு வந்தாலும் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு நகைக்கடை லென்ஸ்ல பாக்கறது. பனை ஓலை கீத்து தனித்தனியா தெரியுதா இல்ல அப்பிக்கிட்டு இருக்கா, எழுத்தோட ஓரம் கூரா இருக்கா, தங்கக்கலர் அதே கலரா, லைட்ல சாய்ச்சா ரெண்டும் ஒரே மாதிரி மினுக்குதா. போட்டோல இது ஒண்ணும் பிடிபடாதுடா, ஃபாயில் போட்டோல ஒண்ணு கருப்பா விழும் இல்லன்னா வெள்ளையா விழும், அதான் உன் படத்தை வெச்சு நான் ஆமாவும் சொல்லல இல்லையும் சொல்லல.

அந்த ஆள் முன்னாள் சிப்பாய், சவுதில அவர் கையாலயே பாக்கெட் பிரிச்சதுன்னு சொன்னாராமே. இருக்கலாம், நல்ல மனுஷனாவும் இருக்கலாம். ஆனா நாளைக்கு நீ விக்கப்போனா அந்த கதை உன்கூட வராதுடா, கார்டு மட்டும்தான் வரும். அதனால கேஸ் இல்லாத கார்டுக்கு கேஸ்ல இருக்கற விலை கேட்டா குடுக்காத. ஈபேல போட்டிருக்கற விலையையும் பாக்காத, அங்க யாரு எவ்ளோ வேணா கேக்கலாம், ஏற்கனவே வித்ததை மட்டும் ஃபில்டர் பண்ணி பாரு, அதுவும் அதே கிரேடுல. 10க்கும் 8க்கும் நடுவுல இருக்கற விலை பள்ளம் உனக்கு தூக்கி வாரிப் போடும்.

பையன்கிட்ட இருக்கற நம்பர் போட்ட கார்டு பத்தி கேட்டியே, மொத்தமே 50 அடிச்சு வரிசை நம்பர் போட்டதுல ஒண்ணுன்னு. கம்மியா இருக்குங்கறதுக்காக மட்டும் விலை ஏறாதுடா, தேடறவன் இருக்கணும். 1991ல டான்ரஸ் கம்பெனி எலீட்னு ஒரு கார்டு வரிசையை 10,000 வரைக்கும் நம்பர் போட்டு விட்டான், அப்ப அதுக்கே ஜனம் அலைஞ்சுது. இப்ப போமன் குரோம்ங்கற செட்ல கோல்டு கலர் 50, ஆரஞ்சு 25, ரெட் 5, சூப்பர்ஃபிராக்டர் ஒண்ணே ஒண்ணுன்னு கலர் கலரா இறக்கறான், எல்லாத்தையும் கூட்டி பாத்தா எங்க அபூர்வம். ஆனா 50ல பையன் கைல இருக்கறது எத்தனாவதுன்னு பாரு, அந்த ஆட்டக்காரர் ஜெர்சி நம்பரும் அதுவும் ஒண்ணா இருந்தா ஜாஸ்தி விலை குடுத்து வாங்க ஆள் இருக்கு. எனக்கு இது கொஞ்சம் கிறுக்குத்தனமாதான் படும், இருந்தாலும் சந்தை அப்படி.

கார்டு விக்கற அந்த ஆளுகிட்ட ஒண்ணு கேட்டுப்பாரு, கிரேடிங்குக்கு அனுப்பி முத்திரை போலின்னு வந்தா பணத்தை திருப்பி தருவாரான்னு, எழுதி வாங்கிக்க. சரின்னா வாங்கு, மழுப்பினா விட்டுடு. என் லென்ஸையும் சாம்பிள் கார்டையும் தீபாவளிக்கு வரும்போது எடுத்துட்டு வர்றேன், அதுவரைக்கும் பையனை பொறுத்துக்க சொல்லு. மஞ்சுவை கேட்டதா சொல்லு, அம்மா உன் நம்பர் கேட்டுட்டே இருக்காங்க, ஞாயித்துக்கிழமை ஒரு போன் போடு.

உன்
ரவி