கார் ஸ்டீரியோ: திரையை மாற்றுவோர் கதவையும் கவனிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவைப்படும் வாகன உரிமைச் சான்றிதழின் (சிஓஇ) விலையைப் பார்த்துவிட்டு, புதுக் கார் வாங்கும் எண்ணத்தைத் தள்ளிப்போட்டு, இருக்கும் காரின் சான்றிதழையே 5 அல்லது 10 ஆண்டுகளுக்குப் புதுப்பித்துக்கொள்வோர் நம்மிடையே பலர். அவர்களில் பலரும் பழைய ஸ்டீரியோவைக் கழற்றிவிட்டுப் பெரிய தொடுதிரை கொண்ட ஒன்றைப் பொருத்த உபி, காக்கி புக்கிட், சின் மிங் வட்டாரப் பட்டறைகளுக்குச் செல்கிறார்கள். திரை புதிதான பிறகும் பாட்டு பழையபடியேதான் கேட்கிறது, வானொலியோ முன்பைவிட மோசமாகிவிட்டது என்று வருந்துவோரை அடிக்கடி சந்திக்கிறேன். குறை பெரும்பாலும் பொருத்தும் முறையில் இருக்கிறது. அதைச் சரிசெய்ய ஆகும் செலவும் பெரிதன்று.

பெட்டியின்மேல் ‘50 வாட் x 4’ என்று அச்சிட்டிருப்பதை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம். அது கணநேரம் மட்டுமே எட்டக்கூடிய உச்ச அளவு. காரில் கிடைக்கும் மின்னழுத்தம் 14.4 வோல்ட் அளவிலேயே நின்றுவிடுவதால், தனி ஆம்ப்ளிஃபயர் இல்லாத ஸ்டீரியோ, 4 ஓம் ஸ்பீக்கர் ஒவ்வொன்றுக்கும் தொடர்ச்சியாக 20 வாட் அளவுக்கே தர இயலும். ‘ஆர்எம்எஸ்’ வாட், அதாவது தொடர்ச்சியாகத் தரக்கூடிய அளவு, எவ்வளவு என்று கேட்டால் விற்பவர் நேரான பதில் சொல்லியாக வேண்டும்.

என் கருத்தில், முதலில் பணம் செலவிட வேண்டிய இடம் முன்கதவுதான். ஸ்பீக்கரின் கூம்பு அசையும்போது அதன் முன்புறம் எழும் அலையும் பின்புறம் எழும் அலையும் ஒன்றுக்கொன்று எதிரானவை. கதவின் உட்தகட்டில் உள்ள பெரிய திறப்புகள் வழியே அவை இரண்டும் கலந்தால் தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துவிடும். தவிலின் அதிர்வும் மிருதங்கத்தின் இடந்தலை நாதமும் நம் கார்களில் சப்பென்று கேட்பதற்கு இதுவே முக்கியக் காரணம். அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டைல் ரப்பர் விரிப்பால் அந்தத் திறப்புகளை மூடி, வெளித்தகட்டின் உட்புறத்திலும் அதை ஒட்டி, உறுதியான வளையத்தின்மேல் ஸ்பீக்கரைத் திருகினால், பழைய ஸ்பீக்கரே வேறொன்றைப் போல ஒலிக்கும். ஆனால் சன்னல் கண்ணாடி வழியே மழைநீர் கதவுக்குள் இறங்குவது இயல்பு என்பதால், கதவின் அடியில் உள்ள வடிகால் துளைகளை எக்காரணத்தைக் கொண்டும் அடைக்கக் கூடாது. நம் ஊர் மழைக்கு, நீரில் ஊதிவிடும் மரத்தூள் பலகை வளையத்தைவிட நெகிழி வளையமே ஏற்றது.

கம்பிகளின் நேர்முனை, எதிர்முனை ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறிவிட்டாலும் இதே இழப்பு நேரும். இதைக் கண்டுபிடிக்க 1.5 வோல்ட் பேட்டரி ஒன்று போதும். அதன் முனைகளை ஒவ்வொரு ஸ்பீக்கரின் கம்பிகளிலும் ஒரே முறையில் தொட்டவுடன் எல்லாக் கூம்புகளும் ஒரே திசையில் நகர வேண்டும்.

வானொலி நேயர்களுக்கு இன்னொன்று. பல கார்களில் ஆன்டெனாவுக்கென ஒரு சிறு மின்பெருக்கி உண்டு. புதிய ஸ்டீரியோவிலிருந்து அதற்கு 12 வோல்ட் இணைப்பைக் கொடுக்க மறந்துவிட்டால், நம் தமிழ் வானொலியான ‘ஒலி 96.8’ இரைச்சலுக்குள் மூழ்கிப்போகும். ஜப்பானிலிருந்து நேரடியாக இறக்குமதியான கார்களில் சிக்கல் வேறு வகை. அந்நாட்டு எஃப்எம் அலைவரிசை 76 முதல் 95 மெகாஹெர்ட்ஸ் வரை மட்டுமே என்பதால், அவற்றின் அசல் ஸ்டீரியோ நம் தமிழ் வானொலியை நேரடியாக எட்டாது. இத்தகைய கார்களில் மட்டும் திரையோடு ஸ்டீரியோவை முழுதாக மாற்றுவதில் நியாயம் இருக்கிறது.

ஆம்ப்ளிஃபயர் வைப்பவர்கள் பாதுகாப்பில் விட்டுக்கொடுக்கக் கூடாது. கார் பேட்டரியிலிருந்து சுமார் 45 சென்டிமீட்டருக்குள் மின்கம்பியில் ஃபியூஸ் இருக்க வேண்டும். இல்லையேல் கம்பி எங்காவது உரசி உடற்தகட்டைத் தொடும்போது தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. கதவு ஸ்பீக்கர்களுக்கு ஏறத்தாழ 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட ஒலியை வடிகட்டி நிறுத்திவிட்டால், அவை திணறாமல் மற்றவற்றைத் தெளிவாகத் தரும்.

பட்டறை உரிமையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். திறப்புகளை மூடியது, ஆன்டெனா இணைப்பு கொடுத்தது, ஃபியூஸ் வைத்த இடம் ஆகியவற்றை ரசீதில் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதிக் கொடுங்கள். பிறகு பயனீட்டாளர் சங்கத்திடம் முறையிட நேர்ந்தாலும் இரு தரப்புக்கும் அதுவே சான்றாக இருக்கும். வாடிக்கையாளர்களும் பணம் கட்டும் முன், எஞ்சினை ஓடவிட்டு, முகப்பு விளக்குகளையும் குளிர்சாதனத்தையும் போட்டு, ஒலியைக் குறைத்து வைத்துக் கேட்க வேண்டும். எஞ்சின் வேகத்தோடு சேர்ந்து ஒரு மெல்லிய ஊளை ஏறி இறங்கினால் பெரும்பாலும் தரையிணைப்பு, அதாவது காரின் உடற்தகட்டோடு சேரும் எதிர்முனைக் கம்பி, சரியில்லை என்று பொருள். பெயின்டைச் சுரண்டி, வெற்று உலோகத்தில் அதை மீண்டும் இறுக்கித் தரும்படி அங்கேயே கேளுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஜூரோங் வெஸ்ட்